இரண்டு லால்பாக்குகள்

ஹைதர் அலியையும் அவர்தம் மைந்தர் திப்பு சுல்தானையும் நினைக்கும்போது, நம் கண்முன் தோன்றுவன வாளும் போர்க்களமுமே. அவர்கள் தோட்டக் கலையையும் போற்றினார்கள் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1760இல் ஹைதர் அலி, பெங்களூர்க் கோட்டைக்கு அண்மையில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் தமக்கென ஒரு தோட்டம் அமைக்கத் தொடங்கினார். அதுவே லால்பாக். திப்பு வெளிநாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் தருவித்து அதனை வளர்த்தார். தமிழோடு தொடர்புடைய திகளர் என்னும் தோட்டக்கார மக்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. 1800இல் அதனைக் கண்ட புக்கானன், சைப்ரஸ் மரங்கள் அணிவகுத்த நடைபாதைகளையும், ரோஜாவுக்கு ஒன்று, மாதுளைக்கு ஒன்று எனப் பிரிக்கப்பட்டிருந்த சதுர நிலங்களையும் குறிப்பிட்டு எழுதியுள்ளார்.

இதே பெயரில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஒரு தோட்டம் இருந்தது. 1792 முற்றுகையின்போது கார்ன்வாலிஸின் படையினர் அதன் மரங்களை வெட்டி, முற்றுகைப் பணிகளுக்குப் பயன்படுத்தினர். அங்கிருந்த மாளிகை மருத்துவமனையாயிற்று. தந்தையும் மைந்தரும் துயிலும் கும்பஸ் அவ்விடத்தில் நிற்கிறது. அந்தப் பழைய தோட்டத்தின் பொலிவோ மீளவில்லை.

பெங்களூர்த் தோட்டத்தின் வரலாறு வேறு. 1799இல் திப்பு ஷஹீதானபின் அது பல கைகள் மாறியது. எனினும் பேணுவாரற்றுப் போகவில்லை. 1856இல் அரசினர் தாவரவியல் தோட்டமாயிற்று. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூ 1858இலும், ஜான் கேமரன் 1874இலும் பொறுப்பேற்றனர். 1889இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1908இல் ஜெர்மானியரான கிரம்பீகல் வந்தார். அவருக்குப்பின் நம் நாட்டு அறிஞர்கள் பணியைத் தொடர்ந்தனர். மன்னரின் தனித்தோட்டம் இன்று சுமார் 240 ஏக்கரில் பொதுமக்கள் உலவும் பூங்காவாக விளங்குகிறது. நம் இல்லங்களில் பெங்களூர்க் கத்தரிக்காய் எனப்படும் சௌசௌ பரவியதிலும் இதற்குப் பங்குண்டு.

இரண்டையும் வளர்த்தது ஒரே குடும்பம். ஒன்று அழிந்தது, மற்றொன்று, ஆட்சிகள் மாறிய பின்னும், பேணுவாரைப் பெற்றதால் நிலைத்தது. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற வக்பு நிலங்களும் தோப்புகளும் ஊர்தோறும் உள்ளன. அவற்றை அளித்தவர்களின் பெருமையைப் பேசுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அவற்றுக்கு இன்று நீர் வார்ப்பவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.