வாடைக்காலத்தில் திறந்த வண்டி ஓட்டுநரின் கை

திறந்த வண்டியில் போகும் ஓட்டுநரின் உடம்பில் முதலில் விறைப்பது கை. வன்னிப் பெருநிலத்தில் இதைத் தெரிந்துகொள்ளப் பனிமலை ஏறத் தேவையில்லை. மார்கழி விடியற்காலையில் மாங்குளம் சந்தியிலிருந்து ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான் பக்கம் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் போதும். முல்லைத்தீவு வரை அந்த வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வழி நெடுகக் காடு, குளம், வயல்வெளி. கூரையில்லா கார் இந்தப் பக்கம் அபூர்வம். இங்கே திறந்த வண்டி என்றால் மோட்டார் சைக்கிளும், பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரும்தான்.

லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியத் தயாரிப்பின் பெயர். இலங்கையில் அது இரண்டு சக்கர உழவு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் பெட்டியின் முன்பக்க இருக்கையில் அமர்ந்து, இரண்டு நீளக் கைபிடிகளையும் எட்டிப் பிடித்திருப்பார். முன்னால் கண்ணாடி கிடையாது. என்ஜினின் சூடு இருக்கும் இடத்துக்கும் கை இருக்கும் இடத்துக்கும் நல்ல இடைவெளி. கிளச்சையும் கைபிடியையும் விட்டுவிட்டுக் கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொள்ளவும் முடியாது. காலபோக நெல் வெட்டி மூடை ஏற்றும் தை, மாசி மாதங்களில் விடியற்காலை ஓட்டம்தான் அதிகம்.

மாங்குளத்து மார்கழி இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியஸைச் சுற்றியே நிற்கும். ஐரோப்பியருக்கு அது கோடைகாலம். பிறகு ஏன் கை விறைக்கிறது? ஓடும் வண்டியில் காற்று தோலை ஒட்டியிருக்கும் சூடான மெல்லிய காற்றுப் படலத்தை ஓயாமல் உரித்துக்கொண்டே போகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஈரம். வடகீழ்ப் பருவக்காற்று மழையோடும் தூற்றலோடும் வருவது. கையில் பட்ட ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நனைந்த கை, வண்டிக் காற்றில் சுற்றுப்புற வெப்பநிலைக்கும் கீழே இறங்கக்கூடும். வெப்பமானியை மட்டும் பார்த்துக் கூதலை மதிப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2022 டிசம்பரில் அதற்குக் கொடூரமான சான்று கிடைத்தது. மாண்டஸ் புயல் டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்த அந்த நாட்களில், வட, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிர் தாங்காமல் இறந்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மோசமாகப் பாதிக்கப்பட்டவை. உறைபனி எதுவும் விழவில்லை. மழையும் காற்றும் சேர்ந்தே வெட்டவெளியில் நின்ற மாடுகளைச் சாய்த்தன.

காற்றுக் குளிரை அளக்கும் முயற்சி அண்டார்டிக்காவில் தொடங்கியது. போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசல் என்ற அமெரிக்கர்கள் அங்கே நீர் உறையும் வேகத்தைக் காற்றில் வைத்து அளந்து, 1945இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இப்போது கனடாவும் அமெரிக்காவும் 2001இல் திருத்திய சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அதன்படி 0 பாகையில் மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று பட்டால், −9 பாகை போன்ற குளிர் தெரியும். இந்தச் சூத்திரம் 10 பாகைக்கு மேல் செல்லாது. உலர்ந்த தோலுக்கே பொருந்தும். ஆகவே ரொறொன்ரோவில் இருக்கும் மருமகனுக்கு அது உதவும், மாங்குளத்தில் இருக்கும் மாமனாருக்கு உதவாது.

விரல்களில் தசை குறைவு, பருமனுக்கு மேற்பரப்பு அதிகம். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், மூளை இதயத்தையும் ஈரலையும் காக்க விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கை விறைப்பது பெரும்பாலும் நெஞ்சின் கதை. கனடாவில் நடந்த ஆய்வுகளில், மின்சூட்டு மேலாடையால் உடலின் நடுப்பகுதியைச் சூடாக வைத்தபோது, உறைநிலைக்கு வெகு கீழான குளிரிலும் வெறும் விரல்கள் இதமாக இருந்தன. மோட்டார் சைக்கிள்காரர் ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போட்டு நெஞ்சை மூடுவதை வேடிக்கை என்று சிரிக்கிறார்கள். உடலியல்படி அது மிகச் சரியான வேலை.

தொடக்ககாலக் கார்கள் பெரும்பாலும் திறந்தவை. ஓட்டுநர்கள் முழங்கையை எட்டும் தோல் கையுறை அணிந்தார்கள்; டாஷ்போர்டில் உள்ள சிறு பெட்டிக்கு ஆங்கிலத்தில் இன்றும் கையுறையின் பெயரே. அமெரிக்காவில் 1920களுக்குள்தான் மூடிய கார்கள் திறந்தவற்றை விரட்டின. நாஷ் நிறுவனம் 1938இல் வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று கூரை திறக்கும் விலையுயர்ந்த கார்களில் பின்னாலிருந்து சுழன்று வரும் காற்றைத் தடுக்க வலைத்திரை உண்டு. 2004இல் மேர்சிடிஸ் கழுத்துக்குச் சூடுகாற்று ஊதும் இருக்கையையும் அறிமுகப்படுத்தியது. கண்ணாடிகளை உயர்த்தி, ஹீட்டரைப் போட்டால், சூடு மடியிலும் ஸ்டியரிங்கிலும் தங்கும்.

கையிலேயே சூடு வைத்திருக்கும் முறைகளும் உண்டு. ஜப்பானியர் நீச்சி மதோபா 1923இல் பிளாட்டினத்தின் துணையால் நாப்தா ஆவியைச் சுடரின்றி எரிக்கும் சிறு சூட்டுப் பெட்டியை உருவாக்கினார். இரும்புத் தூள் காற்றில் துருப்பிடிக்கும் வெப்பத்தைப் பயன்படுத்தும் பொட்டலங்கள் அதே நாட்டில் 1978இல் சந்தைக்கு வந்தன. காஷ்மீரிகளின் காங்கிரிக் கணப்பு, அங்கிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு உரியது. வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது.

மாங்குளத்துக்கு இவற்றில் எதுவும் அவசியமில்லை. கம்பளிக் கையுறை வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தாலும் தூற்றலில் நனைந்த பிறகு அதிகம் பயனில்லை. ஈரத்தை உறிஞ்சி வைத்து நீண்ட நேரம் குளிர்விக்கும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே நீர் ஏறாத உறை, மணிக்கட்டில் இடைவெளி இல்லாமல் கட்டுவது: அதுவே போதும். கையுறை இல்லாதவர் சொப்பிங் பையைக் கையில் மாட்டினாலும் காற்றும் நீரும் நின்றுவிடும். ஆனால் பிடி வழுக்காமலும், கிளச் சிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபிடி மேல் நிரந்தரமாகப் பொருத்தும் உறை இன்னும் நல்லது. தோல் கையுறையின் பின்புறத்தில் துளைகள் இருந்தால் அது கோடைக்குரியது. அழகுக்காக வாங்கி மார்கழியில் மாட்டினால் காசு வீண். சந்தியில் நிறுத்தி பிளேன்டீ கோப்பையை இரு கையாலும் பற்றிக்கொள்வது தற்காலிக நிவாரணம். விறைத்த விரலைச் சைலன்சரில் வைத்துச் சூடேற்றக் கூடாது. உணர்ச்சி குறைந்த தோலுக்குச் சுடுவது தாமதமாகவே தெரியும்.

லாண்ட்மாஸ்டர் ஓட்டுபவருக்கு இன்னொரு தனிக் கேடு உண்டு. அது அதிர்வு. இத்தாலிய மருத்துவர் லோரிகா 1911இல் காற்றுத் துளைகருவி பிடித்த தொழிலாளர்களின் கைகளில் அதிர்வால் வரும் கேட்டைப் பதிவு செய்தார். 1918இல் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹாமில்டன் இந்தியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில், குளிர் காலை நேரங்களில் விரல் வெளிறி மரத்துப்போவதைப் பார்த்தார். குளிரும் அதிர்வும் சேரும்போது கேடு கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் எட்டு மணிநேர வேலைக்குக் கைக்குரிய அதிர்வின் எல்லையை 5 மீ/வி² என வகுத்தது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினின் அதிர்வு நீளக் கைபிடி வழியாக நேராகக் கைக்கு வந்து சேரும். தேய்ந்த ரப்பர் பிடியை மாற்றுவதும், இறுகப் பிடிக்காமல் தளர்வாகப் பிடிப்பதும் மலிவான பாதுகாப்பு.

குளிரில் விரல்கள் முதலில் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து குத்துமானால் அது ரெய்னோ நோயின் அடையாளம். பிரெஞ்சு மருத்துவர் மொறீஸ் ரெய்னோ 1862இல் விவரித்தது. புகைபிடிப்போர் நிறுத்துவது நல்லது. நிக்கொட்டின் அதே குழாய்களை மேலும் சுருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மரத்துப்போதல் வேறு காரணத்தாலும் வரலாம். வெயில் ஏறிய பிறகும் மரப்பு விடாமல் இருந்தால், ஊரில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அங்கே காட்டுவதே முறை.