பேஸ் கிதாரின் காது: ஒரு சின்ன வரலாறு

பாட்டில் பேஸ் கிதாரை நாம் தனியாகக் கவனிப்பதில்லை. அது நின்றால்தான் ஏதோ குறைவது தெரியும். அந்தக் கிதாரின் காதுதான் பிக்கப். காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் சேர்ந்து தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகின்றன.

1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸில் ஒரே சுருள். ஒலி தெளிவு, ஆனால் மின் இரைச்சலும் கூடவே வரும். 1957-ல் சுருள் இரண்டானது, இரண்டு தந்திக்கு ஒன்று. காந்தமும் சுற்றும் எதிரெதிர் என்பதால் இரைச்சல் அடங்கியது, ஒலியும் தடித்தது. மோடவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்த வகையைத்தான்.

1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள். இரண்டையும் சமமாக வைத்தால் இரைச்சல் அடங்கும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்தால் இரைச்சல் திரும்பும், ஆனால் மூக்கால் பாடுவது போன்ற கூர்மையான ஒலி கிடைக்கும். 1970-களில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் நாடியது அந்த ஒலியைத்தான்.

அப்படியானால் எது சிறந்தது? ஜேமர்சன் ஒரே விரலால், மாற்றாத பழைய தந்திகளில் வாசித்தவர். பழைய பிக்கப்புக்குக் காசைக் கொட்டும் முன் இதை யோசியுங்கள். என்னைக் கேட்டால், பிக்கப் பாதி, விரல் பாதி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?