ஆடிக் காற்றின் வரவு செலவு

ஆடியில் பழனியிலிருந்து உடுமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காரத் தயங்குவார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, கண்ணில் மண் விழுவது உறுதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறும் வேகத்தோடு அதன் வழியே இந்தப் பக்கம் பாய்கிறது. திண்டுக்கல் சமவெளிக்கு மழை தராத காற்று அது.

அந்தக் காற்றுக்கும் ஒரு காலத்தில் விலை வந்தது.

தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் எழுந்தது. தொண்ணூறுகளில் காற்றாலை வாங்கினால், முதலாண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை இருந்தது. இறக்கையைச் சுற்றியது காற்று என்றால், முதலைப் போட வைத்தது ஆடிட்டரின் பேனா. 2003 மின்சாரச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிப்பதை எளிதாக்கியது. 26 சதவீதப் பங்கு வைத்திருந்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் பல ஆலைகள் கூட்டாகவும் ஒரு மின்நிலையத்தை வைத்துக்கொள்ளலாம் என்றன 2005 விதிகள்.

வேடசந்தூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு இது வாகாக இருந்தது. பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு அவற்றுக்குக் கரண்ட்தான். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியில் ஓய்ந்துவிடும். கதிர்களோ மூன்று ஷிப்டும் பன்னிரண்டு மாதமும் சுழல வேண்டும். இதற்குக் கிடைத்த வழிதான் ‘பேங்கிங்’. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல, காற்றுக்காலத்தில் மிஞ்சும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, தையிலும் மாசியிலும் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் தொடங்கும் கணக்கு மார்ச் 31இல் முடியும்.

ஆனால் இந்தக் குதிரில் நெல் இல்லை. ஆடியில் வந்த கரண்டை வாரியம் ஆடியிலேயே யாருக்கோ கொடுத்துவிடும். மாசியில் திருப்பித் தர வேறெங்கிருந்தோ வாங்க வேண்டும், பெரும்பாலும் கூடுதல் விலைக்கு. வாரியத்தின் புலம்பலிலும் நியாயம் உண்டு. 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அந்த மாதம் முதல் நிறுவப்படும் காற்றாலைகளுக்கு ஓராண்டு பேங்கிங் கிடையாது என்று உத்தரவிட்டது. எதிர்த்து வழக்காடியவர்களில் முன்னின்றது தமிழ்நாடு ஸ்பின்னிங் மில்ஸ் அசோசியேஷன். அதன் தலைமை அலுவலகம் இருப்பது சென்னையிலோ கோவையிலோ அல்ல, திண்டுக்கல்லில். விவகாரம் டெல்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது.

இதற்கிடையே தொண்ணூறுகளின் குட்டைக் காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. நல்ல காற்றடிக்கும் இடங்களை முதலில் பிடித்துக்கொண்டவை அவைதாம். அவற்றை மாற்றிப் பெரிய இயந்திரங்களை நிறுவ 2024இல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. கழற்றிவிட்டுப் புதிதாக நட்டால் பழைய பேங்கிங் நிலைக்குமா என்பதுதான் மில்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி.