சுவரில் வட்டம், தரையில் நிலம்

‘பூமியின் மந்திரவாதிகள்’ என்ற பெயரில் 1989 மே மாதம் பாரிஸில் திறக்கப்பட்ட கண்காட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கடைசியில் ஒரு புகைப்படத்தில் வந்து நிற்கிறார்கள். லா வில்லெத்தின் பெரிய கூடம். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்த இடம். பின்சுவரில் ரிச்சர்ட் லாங் செம்மண் சேற்றைக் கையால் அப்பி உருவாக்கிய ராட்சத வட்டம். அதற்கு முன்னால் தரையில், மத்திய ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு என்ற ஊரிலிருந்து வந்த வார்ல்பிரி ஆண்கள் செய்த மண்ணோவியம். காட்டுக் கிழங்கின் தொல்கதை அது. நான் அந்தக் கூடத்துக்குப் போனவன் இல்லை. படத்தை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனால் இந்தப் படமே ஒரு பிரதியாகி, கண்காட்சியைவிட அதிக தூரம் பயணம் செய்துவிட்டது.

அமைப்பாளர் ழான்-உபேர் மார்த்தேனின் நோக்கத்தைக் கொச்சைப்படுத்த வேண்டியதில்லை. 1984இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘பிரிமிடிவிசம்’ பற்றிய கண்காட்சியில் ஆப்பிரிக்க, ஓசியானிய முகமூடிகளைப் பிக்காஸோவுக்குப் பக்கத்தில் வைத்தது. பிக்காஸோவுக்குப் பெயர் உண்டு, முகமூடி செய்தவருக்கு இல்லை. மார்த்தேன் அதற்குப் பதில் சொல்ல நினைத்தார். சுமார் நூறு கலைஞர்கள், பாதிப் பேர் மேற்கு, பாதிப் பேர் மற்ற உலகம். நம்ம ஊர் கோண்டுக் கலைஞர் ஜன்கட் சிங் ஷ்யாமின் படைப்புகளும் அதில் இருந்தன. ‘கலைஞர்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘மந்திரவாதி’ என்றது எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கிற முயற்சிதான். சரி, அப்படியே வச்சுக்குவோம். மந்திரவாதிக்கு யாராவது பட்டா கொடுப்பாங்களா?

புகைப்படத்தைப் பார்க்கிற கண்ணுக்கு ஓர் எளிய வாசிப்பு தயாராக இருக்கிறது. ரெண்டும் மண். ரெண்டும் இயற்கையிலிருந்து வந்தவை. ஆகவே மனித மனத்தின் ஆழத்தில் ஒரே பூமி. இந்த வாசிப்பை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ‘தேர்ட் டெக்ஸ்ட்’ இதழின் ரஷீத் அராயீன். மூன்றாம் உலகிலிருந்து மேற்குக்குப் போய் நவீன ஓவியம் செய்கிறவர்களை ஒதுக்கிவிட்டு, ‘மற்றவர்’களை மண்வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிற கண் இது என்றார். மேற்கின் வட்டம் சுவரில் ஏறிக்கொண்டது, கறுப்பரின் ஓவியம் காலடியில் கிடந்தது என்று சொன்னவர்களும் உண்டு. இவையெல்லாம் சரிதான். ஆனால் மேலா கீழா என்ற சண்டையில், ‘இயற்கை’ என்ற அந்த நடுச்சொல் சேதமில்லாமல் தப்பித்துவிடுகிறது.

லாங் 1945இல் பிரிஸ்டலில் பிறந்தவர். 1967இல் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து, மிதிபட்ட புல் ஒரு கோடாகத் தெரிந்ததும் அதைப் படமெடுத்து, அதுதான் படைப்பு என்றார். துணிச்சலான காரியம். அதிகம் சேதப்படுத்தாமல் நிலத்தைக் கடந்துபோகிற அந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய 1977ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றின் பெயர் ‘ஆஸ்திரேலியாவில் ஒரு கோடு’. ஆஸ்திரேலியாவில், சரி. யாருடைய மண்ணில்? தலைப்பில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நடக்கிறவனின் தனிமைக்கு ஆளில்லாத வெளி தேவைப்படுகிறது. அந்தக் கண்டத்தை ஆளில்லா நிலம் என்று சொல்லித்தான் பிரிட்டன் எடுத்துக்கொண்டது. லாங் குடியேற்றவாதி என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய அழகியல் அந்தச் சட்டப் புனைவுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது என்கிறேன்.

தரையில் கிடந்ததோ வேறு சங்கதி. வார்ல்பிரிகளின் ‘ஜுகுர்பா’ என்ற சொல்லை ‘கனவு’ என்று பெயர்த்துவிட்டார்கள். பாதிக் கேடு அங்கேயே தொடங்குகிறது. ஜுகுர்பா என்பது முன்னோர் நடந்து உண்டாக்கிய இடங்கள், அந்த இடங்களின் சட்டம், அந்தச் சட்டத்தைச் சொல்லும் பாட்டு, உருவம் எல்லாம் சேர்ந்தது. கிழங்குக் கதையை நினைத்தவர் எல்லாம் வரைந்துவிட முடியாது. தகப்பன் வழியில் உரிமை பெற்றவர் ‘கிர்தா’. தாய் வழியில் அந்த இடத்தோடு உறவுள்ளவர் ‘குர்துங்குர்லு’. முதலாமவர் உரிமையாளர் என்றால் இரண்டாமவர் கண்காணிப்பவர், முறை தவறாமல் பார்த்துக்கொள்பவர். ஓவியம் சரியாக இருக்க இருவரும் வேண்டும். இது தூண்டுதல் பெற்று வரைவதல்ல. கிராம நிர்வாக அலுவலகத்துப் பதிவேட்டை அங்கே பாடி ஆடி வரைகிறார்கள். 1928இல் கானிஸ்டன் பகுதியில் போலீஸ் கும்பல் சுட்டுக் கொன்றவர்களில் வார்ல்பிரிகளும் இருந்தார்கள். அரசுக் கணக்கில் சாவு 31. மக்களின் கணக்கு அதைவிடப் பெரியது. யுவெண்டுமு என்ற ஊரே 1946இல் அரசு ரேஷன் கொடுக்க அமைத்த முகாம். சொந்த இடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்கள் அந்த இடங்களின் பெயரைத்தான் பாரிஸ் தரையில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் ‘நம்ம திணை மாதிரி’ என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். வேண்டாம். நம்முடையது கவிதையின் இலக்கணம், அது சொத்தின் இலக்கணம்.

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். 1963இல் வடக்கே ஆர்னம் லேண்டில், யோல்ங்கு மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பாக்சைட் சுரங்கத்துக்காக அரசு பிய்த்தெடுத்தது. யிர்கலாவின் மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். யோல்ங்கு மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களின் வடிவங்களைத் தீட்டினார்கள். பார்க்கிறவருக்கு அது ஓரத்து அலங்காரம். யோல்ங்குகளுக்கு ஓரம்தான் ஆவணம், நடுவில் இருப்பது வெள்ளைக்காரர்களுக்கான மொழிபெயர்ப்பு. பிறகு வழக்குப் போட்டார்கள். 1971இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்புச் சொன்னார். யோல்ங்குகளிடம் நுட்பமான ஒரு சட்ட அமைப்பு இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அது சொத்துரிமை ஆகாது என்றார். அவர் சொன்ன காரணத்தின் சாரம்: நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிட, குலம் நிலத்துக்குச் சொந்தம் என்பதே பொருத்தம்.

எவ்வளவு அழகான வாக்கியம்! எந்தக் கண்காட்சிக் கையேட்டிலும் அச்சடிக்கலாம். பழங்குடிகள் பூமிக்குச் சொந்தமானவர்கள், இயற்கையின் குழந்தைகள் என்று உருகி எழுதுகிற நம் சிற்றிதழ்க்காரர்களும் இதே வாக்கியத்தைத்தான் வேறு வேறு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுரங்கக் கம்பெனி வழக்கில் ஜெயித்தது இந்த வாக்கியத்தை வைத்துத்தான்.

பார்வையாளர்களாகிய நமக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்போம். 1971இல் பப்புன்யாவில் பலகையில் வரையத் தொடங்கியவர்கள், வெளியார் பார்க்கக்கூடாத சடங்கு வடிவங்களும் அதில் வந்துவிட்டதாக மற்ற குழுக்களின் கண்டனத்துக்கு ஆளானார்கள். பின்னர் புள்ளிகள் பெருகியதற்கு அந்த மறைத்தலும் ஒரு காரணம். அதை நாம் மின்னும் பாலைவனம் என்று ரசிக்கிறோம். சில ஓவியங்கள் நம்மைப் பார்க்கவிடாமல் இருப்பதற்காகவே வரையப்பட்டவை. அந்த மறுப்பையும் சேர்த்து வாசிப்பதுதான் வாசிப்பு.

1996இல் புளூ மட் வளைகுடாவில், சட்டவிரோதமாகக் கொடுவா மீன் பிடித்தவர்களின் முகாம் ஒன்றில், சாக்கில் கட்டிய முதலைத் தலையை யோல்ங்குகள் கண்டார்கள். மதார்பா குலத்துக்கு முதலை மூதாதை. பாரு என்று பெயர், நெருப்பைச் சுமந்து கடலில் இறங்கியவன். அந்தக் குலத்தின் தலைவர் ஜம்பாவா மராவிலி மரப்பட்டையில் வரையத் தொடங்கினார். மற்ற குலத்தவரும் தத்தம் நீரை வரைந்தார்கள். 47 பேர், 80 பட்டைகள். அவற்றில் வரும் சாய்சதுரப் பின்னல்களைக் கூடத்தில் நின்று பார்க்கிறவர் அலை என்பார், நெசவு என்பார். மதார்பாவின் சாய்சதுரம் பாருவின் முதுகும் நெருப்பும். எந்த நீர் எந்தக் குலத்துடையது என்பதன் அடையாளம். பட்டைகள் ஊர் ஊராகக் காட்சிக்குப் போயின. 2000இல் சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. கூடவே வழக்கும் நடந்தது.

2008 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான், ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வடக்கு நிலப்பகுதியில், கடல் ஏறி இறங்குகிற கரை பழங்குடி நிலத்துக்குள் வருகிற இடத்திலெல்லாம், அதன்மேல் நீர் நிற்கும்போதும் யாரை உள்ளே விடுவது என்பதை முடிவு செய்யும் உரிமை நிலத்துக்காரருக்கே. அந்தப் பகுதியின் கடற்கரையில் ஏறத்தாழ 80 சதவீதம் இதில் அடங்கும். அரசு கொடுத்த மீன்பிடி உரிமத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த நீருக்குள் படகை விட முடியாது.