கூத்து வேடம்

கூத்து வேடம் என்பது தெருக்கூத்தில் தேவர், அரசர், அசுரர் முதலிய பாத்திரங்களை வேறுபடுத்தும் முகவரைவு, அணிகலன், உடை ஆகியவற்றின் தொகுதி. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் இக்கூத்து விடிய விடிய நடைபெறும்.

வகைகள்: கட்டை வேடம், பெண் வேடம், கூத்தை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியங்காரனின் வேடம் ஆகியன முதன்மையானவை. கட்டை வேடம் அரசர், வீரர், அசுரர்க்கு உரியது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றை எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவர். முகநிறம் பாத்திரத்தின் இயல்பைக் காட்டும். கிருஷ்ணனுக்குப் பச்சையும் துரியோதனனுக்குச் சிவப்பும் பெருவழக்கு. கட்டை வேடக்காரர் திரைக்குப் பின் நின்று பாடித் தம்மை அறிமுகம் செய்துகொண்ட பின்னரே அவையில் தோன்றுவர்.

வட்டார ஆக்கம்: வியாச பாரதத்தில் இல்லாத போத்துராசனும், இஸ்லாமிய வீரனான முத்தால் ராவுத்தனும் இவ்வட்டார மரபில் திரௌபதியின் காவலர்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதி கோயில் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுகிறது. ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டலின் 1988ஆம் ஆண்டு நூல் இம்மரபை விரிவாக ஆராய்ந்தது.

ஒப்பீடு: 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலிய பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆடுவோர் தம் கற்பனை உலகுக்கேற்பப் பாத்திரங்களின் இனங்களை மாற்றியமைக்கின்றனர். கூத்திலோ போத்துராசன், முத்தால் ராவுத்தன் போன்ற புதிய பாத்திரங்களைச் சேர்க்கும் மாற்றம் ஊர்த் தெய்வ மரபு வழியாக நிகழ்ந்துள்ளது.