திருவொற்றியூரின் காதும் கருவியும்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, வடசென்னையின் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. நெடுங்காலம் அதன் நோயைக் கண்டறிந்தவை மெக்கானிக்கின் காதும் கண்ணும்தான்: ஸ்பார்க் பிளக் கரியேறியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்துவந்த கார்புரேட்டர் புதிய வண்டிகளிலிருந்து விடைபெற்றது. கலவையைக் கணிக்கும் வேலை ஆக்சிஜன் சென்சாருக்குப் போனது. இனி சென்சாரின் தகவலைப் படிக்கும் ஸ்கேனர் போதும், பழைய அறிவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்கேனர் காட்டுவது அறிகுறியை, காரணத்தை அல்ல. சென்சாருக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும். அதை நம்பி வண்டியின் கணினி பெட்ரோலைக் கூட்டும், நச்சுவாயு பெருகும். அங்கே சென்சாரை மாற்றுவது வீண்செலவு. கசிவைக் கண்டுபிடிப்பது பழகிய காதுதான். அந்தக் காதுக்குக் கருவியைப் படிக்கவும் கற்றுக்கொடுப்பதே வடசென்னையின் காற்றுக்கு நாம் செய்யும் நன்மை.