துளை அட்டையிலிருந்து லேசர் கத்தி வரை

இளம்பிள்ளை, இராசிபுரம் பக்கம் சேலை நெய்யும் தறிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில தறிகளின் தலைமேல், துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டுத் தொங்கும். கணிப்பொறியில் படம் வரைந்து லேசரால் பலகையை வெட்டும் இன்றைய கலையைக் கற்க விரும்புவோர், முதலில் அந்த அட்டைகளை உற்றுநோக்க வேண்டும். ஏன் தெரியுமா?

வரைபடமே கட்டளை

1725-இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதத்தால் தறியை இயக்க முயன்றார். அம்முயற்சியைச் செம்மைப்படுத்தி, 1804-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு தம் தறியை அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும். அதனுடன் இணைந்த கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லையேல் ஊசி பின்தள்ளப்படும், நூல் எழாது. சேலைக் கரையின் அன்னமும் மாங்காயும் முதலில் கட்டத்தாளில் வரையப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் ‘தூக்கு’ அல்லது ‘விடு’ என்னும் கட்டளை.

இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணிப்பு எந்திரத்துக்கு இந்த அட்டை முறையையே தேர்ந்தார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். அதை நெய்ய ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம்!

பேனாவும் கத்தியும்

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சதர்லாண்டு, ஒளிப்பேனாவால் கணிப்பொறித் திரையில் நேரடியாக வரையும் முறையைக் காட்டினார். மறு ஆண்டே கத்தியும் கிடைத்தது. புனே மாவட்டத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன்-டை-ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரமும் அக்ரிலிக்கும் இதை நன்கு உறிஞ்சுவதால், குவித்த இடத்தில் எரிந்தோ ஆவியாகியோ பிளவுபடுகின்றன.

லேசர் எந்திரம் இருவகையில் வேலை செய்யும். படம் பொறிக்கும்போது வரிவரியாகச் சென்று, புள்ளிதோறும் ‘சுடு’ அல்லது ‘விடு’ என்னும் கட்டளையை ஏற்கும். இது ஜக்கார்டு முறையேதான். வெட்டும்போதோ கோட்டைத் தொடர்ந்து செல்லும். ஆகவே கட்டத்தாளில் கரை வரையத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் முன்பே தெரியும்.

ஒரு சிறு பயிற்சி

இக்கலை நூலைப் படித்து மட்டும் வருவதன்று. இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் 100 மி.மீ. நீளமுள்ள செவ்வகம் ஒன்றை வரையுங்கள். அதைப் பத்துச் சம துண்டுகளாகப் பிரித்து, 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் வெட்டச் செய்யுங்கள். துண்டுகளை நெருக்கிச் சேர்த்து அளந்தால் 100 வராது! 98.5 மி.மீ. வருவதாகக் கொள்வோம். குறைந்த 1.5-ஐப் பத்தால் வகுத்தால் 0.15 மி.மீ. இதுவே கதிர் தின்ற அகலம். இதைக் கணக்கில் சேர்த்து அடுத்து ஒரு பேனாப் பெட்டி வரைந்தால், பசையின்றியே பற்கள் இறுகப் பொருந்தும். பி.வி.சி. பிளாஸ்டிக்கை மட்டும் வெட்டாதீர்கள். நச்சு வாயு எழும்.

பாராமதி உள்ள அதே புனே மாவட்டத்தின் பாபல் சிற்றூரில், 1983-இல் கல்பாக் நிறுவிய விஞ்ஞான ஆசிரமம், செய்து கற்பதையே கல்வியாக்கியது. எம்.ஐ.டி.யின் முயற்சியில் பிறந்த ‘ஃபேப் லேப்’ பட்டறைகளுள் மிகத் தொடக்கமான ஒன்று 2002-இல் அங்கேதான் அமைந்தது.

மின்னணு ஜக்கார்டு வந்த தறிகளில் துளை அட்டைக்கு இடமில்லை. அட்டை குத்துவோரின் பிழைப்பும் அதனோடு போகிறது. ஆனால் எந்த நூல் எங்கே எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவு இன்றும் தேவை. அந்த அறிவுள்ள குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலப் பெயர்களுக்கு அஞ்சி ஒதுங்கினால், வரையும் நாற்காலியில் வேறொருவர் அமர்வார். சேலத்தில் 1960 முதல் இயங்கும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உங்கள் அருகிலேயே இருக்கிறது. கட்டத்தாளையும் பென்சிலையும் எடுங்கள். நாளைய கணிப்பொறிப் பாடத்தை இன்றே தொடங்கலாம்.